கூதிர் காலத்து ஆட்டக்களம்

ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்பது ஒரு பருவத்தின் பெயர். நம் மொழியில் அதே ஒலியுடைய சொல் விளையாட்டைக் குறிக்கும். இந்த ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் அமெரிக்க நாட்டில் அந்தப் பருவத்தையும் ஒரு விளையாட்டையும் பிரித்துப் பேசுவது அரிது. அங்கே தொழில்முறை பேஸ்பால் பந்தாட்டத்தின் இறுதிப் பந்தயங்கள் இலையுதிரும் அக்டோபர் மாதத்தில்தான் நடைபெறுகின்றன. 1956 அக்டோபர் 8-ஆம் நாள் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சன், மட்டை பிடிக்க வந்த 27 பேரில் ஒருவரையும் முதல் தளத்தை அடைய விடாமல் திருப்பியனுப்பினார். 1960 அக்டோபர் 13-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் பில் மாசரோஸ்கி ஓங்கியடித்த ஒரே அடியில் அவ்வாண்டின் தொடரே முடிவுற்றது. இத்தகைய அக்டோபர் நாட்களை அந்நாட்டார் குடும்பக் கதைகளைப் போலப் போற்றி வருகின்றனர்.

நம் நாட்டில் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை. பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் காலம் என்றனர். வாடைக் காற்றும் மழைத் தூறலும் அதற்கு உரியவை. பெங்களூரில் வாழும் நமக்கு அப்பெயரின் பொருத்தத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில், புரட்டாசி மாதத்து இடிமழை ஓய்வதற்குள் வங்கக் கடலின் காற்றழுத்தம் அடுத்த மழையைக் கொண்டு வந்துவிடும். கப்பன் பூங்காவில் மரங்கள் பசுமை மாறாமல் நிற்கும். கார்த்திகையில் தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூக்கத் தொடங்கும். அப்பூங்காவை அடுத்து, மகாத்மா காந்தி சாலையின் அருகே, சின்னசாமி கிரிக்கெட் மைதானம் அமைந்துள்ளது. அமெரிக்கருக்கு அக்டோபர் பேஸ்பால் எப்படியோ, அப்படிப் பெங்களூராருக்கு இந்த மைதானத்தின் கூதிர் காலத்து நாட்கள்.

அந்நாட்களின் வரலாற்றை நாம் இங்கே நினைவுகூர விரும்புவதற்கு ஒரு காரணமுண்டு. ஊர் விட்டு ஊர் வந்து வாழ்பவர் மனத்தில், 'இந்த ஊரின் நினைவில் நமக்கும் ஒரு பங்கு உண்டா?' என்ற கேள்வி அவ்வப்போது எழும். இம்மைதானத்தின் வரலாறு அதற்குத் தன் வழியில் ஒரு விடை அளிக்கிறது.

1970-ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாநிலக் கிரிக்கெட் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரும், 1977 முதல் 1980 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவருமான வழக்கறிஞர் மங்களம் சின்னசாமியின் பெயர் பிற்காலத்தில் இதற்குச் சூட்டப்பட்டது. ஆனால் மைதானம் உலகின் பார்வைக்கு வந்தது அதற்கு முன்பே, ஒரு கார்த்திகை மாதத்தில்.

1974 நவம்பர் 22-ஆம் நாள் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கே முதல் டெஸ்ட் பந்தயத்தைத் தொடங்கின. இந்திய அணிக்குப் பட்டோடி தலைமை ஏற்றிருந்தார். சந்திரசேகரும் பிரசன்னாவும் இம்மாநிலத்தவர். வேங்கடராகவன் சென்னையிலிருந்து வந்தவர். இம்மூவரின் சுழற்பந்தை எதிர்கொள்ள வந்த விருந்தினர் அணியில், அதற்குமுன் டெஸ்ட் ஆடியிராத இளைஞர் இருவர் இருந்தனர். ஒருவர் கார்டன் கிரீனிட்ஜ், மற்றவர் விவியன் ரிச்சர்ட்ஸ்.

கிரீனிட்ஜ் முதல் இன்னிங்ஸில் 93 ஓட்டங்கள் எடுத்த நிலையில் ரன் அவுட் ஆனார். நூறுக்கு ஏழே ஓட்டம் குறைந்த அந்த ஏமாற்றத்தை அவர் நெடுநாள் சுமக்கவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் 107 எடுத்தார். மழையில் நனைந்த ஆடுகளத்தில் காளிச்சரன் 124 எடுத்ததும், தலைவர் கிளைவ் லாயிட் பின்னர் 163 விளாசியதும் அப்பந்தயத்தில்தான். இந்தியாவுக்கோ துன்பம் இரட்டிப்பாயிற்று. பட்டோடியும் விக்கெட் காப்பாளர் பரூக் என்ஜினியரும் காயமுற்று இரண்டாம் இன்னிங்ஸில் மட்டை பிடிக்க இயலாமற் போகவே, அணி 118 ஓட்டங்களில் அடங்கி 267 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது.

ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார்? இரு இன்னிங்ஸிலும் சந்திரசேகரின் பந்துக்கே இரையாகி, 4 ஓட்டமும் 3 ஓட்டமும் எடுத்துத் தலைகுனிந்து வெளியேறினார். அடுத்த மாதம் டில்லியில் அவரே ஆட்டமிழக்காமல் 192 எடுத்து, பின்னாளில் உலகம் அஞ்சிய மட்டையாளராக வளர்ந்தார். அந்தப் பெரும் வாழ்வின் முதல் தடுமாற்றத்தைக் கண்டது பெங்களூர். சொந்த மண்ணில் நடந்த முதல் டெஸ்டில் நம்மவர் தோற்றனர் என்பது பட்டியலில் உள்ளது. கிரீனிட்ஜ், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரின் பயணமும் இங்கே தொடங்கியது என்பதையே நகரத்தார் பெருமையுடன் நினைவு வைத்துள்ளனர்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு விருந்தினர் வந்தார். நியூசிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ரிச்சர்ட் ஹாட்லி அப்போது 37 வயதினர். டெஸ்ட் பந்தயங்களில் 373 விக்கெட்டுகள் வீழ்த்தி, இங்கிலாந்தின் இயன் போத்தமுடன் உலகச் சாதனையைப் பகிர்ந்துகொண்டிருந்தார். சாதனையைத் தனியுரிமையாக்க ஒரே ஒரு விக்கெட் போதும். அதை 1988 பிப்ரவரியில் தம் சொந்த ஊரான கிறைஸ்ட்சர்ச்சிலேயே எடுத்துவிடுவார் என்று அவ்வூரார் காத்திருந்தனர். ஆனால் கெண்டைக்கால் தசையில் காயமேற்பட்டு, அப்பந்தயத்தில் ஒரு விக்கெட்டும் இன்றி அவர் விலக நேர்ந்தது.

சொந்த ஊரில் கைகூடாதது நம் ஊரில் கைகூடியது. 1988 நவம்பர் 12-ஆம் நாள், பந்தயத்தின் முதல் நாளிலேயே, ஹாட்லியின் பந்து அருண் லாலின் மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நின்ற குகல்லைனின் கையில் அடைக்கலமாயிற்று. அது 374-ஆவது விக்கெட். அந்த இன்னிங்ஸில் மட்டும் அவர் ஐந்து விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

அதே பந்தயத்தில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. நியூசிலாந்து வீரர் பலரை வயிற்றுக் கோளாறு ஒன்றாய்ப் பற்றிக்கொள்ளவே, களத்தில் நிற்க ஆள் போதவில்லை. வருணனை செய்ய வந்திருந்த முன்னாள் தலைவர் ஜெரெமி கோனி, ஒலிபெருக்கியை வைத்துவிட்டுப் பந்து தடுக்க இறங்கினார். வானொலி வருணனையாளர் எவரும் இதைக் கேட்டால் சற்றே கலங்குவர்! இந்தியா 172 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஆயினும் அந்த ஐப்பசியைப் பற்றிக் கேட்டால், வெற்றியை முந்திக்கொண்டு ஹாட்லியின் பெயரே நினைவுக்கு வருகிறது. அவர் 431 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். அந்த எண்ணைக் கபில்தேவ் 1994 ஜனவரியில் எட்டிப் பிடித்ததும் இதே மைதானத்தில்தான்.

இனி, சொந்த மைந்தரின் நாள் ஒன்று. 1996-இல் மின்விளக்குக் கம்பங்கள் எழுந்தபின் இங்கே இரவாட்டம் வழக்கமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், தசராக் காலத்தில், டைட்டன் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவுடன் ஓர் ஒருநாள் பந்தயம் நடந்தது. எதிரணித் தலைவர் மார்க் டெய்லர் 105 எடுத்தார். ஒருநாள் பந்தயங்களில் அவர் வாழ்நாளில் அடித்த ஒரே சதம் அதுதான். ஆஸ்திரேலியா 215-இல் நிறுத்தியது. அதை விரட்டிய இந்தியாவில் டெண்டுல்கர் ஒருவரே தூண்போல் நின்றார். அவரும் 88 ஓட்டங்களில் வெளியேறியபோது கணக்குப் பலகை 164-க்கு 8 விக்கெட் என்று காட்டிற்று. இன்னும் 52 ஓட்டம் வேண்டும். மிஞ்சியவர் பந்து வீச்சாளர்களே. மாலையில் நிரம்பி வழிந்த அரங்கில் ஒருபுறம் இருக்கைகள் காலியாகத் தொடங்கின.

களத்தில் மைசூரைச் சேர்ந்த ஸ்ரீநாத்தும் பெங்களூரைச் சேர்ந்த கும்ளேவும் நின்றனர். இருவரும் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தனர். இடையிடையே துணிந்து வீசினர். கும்ளேயின் அன்னையார் பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்தார். தொலைக்காட்சிக் கருவி திரும்பத் திரும்ப அவர் முகத்தைக் காட்டிற்று. மகன் தேர்வெழுதும் அறைக்கு வெளியே காத்திருக்கும் தாயின் முகம் அது. நாடெங்கும் அதைக் கண்டவர் பந்தை மறந்து அந்த முகத்தையே பார்த்தனர் என்று சொன்னால் மிகையாகாது. ஸ்ரீநாத் 30, கும்ளே 16 எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, ஐம்பது ஓவர் முடிவதற்கு முன்பே இந்தியா வென்றது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழர் வீடுகளும் அன்றிரவு உறங்கவில்லை.

2010-ஆம் ஆண்டு நவராத்திரியின்போது, அக்டோபர் 9-ஆம் நாள் தொடங்கிய டெஸ்டில் ஆஸ்திரேலியா 478 எடுத்தது. பதிலுக்கு டெண்டுல்கர் 214 எடுத்தார். அவருடன் சேர்ந்து மூன்றாம் விக்கெட்டுக்கு 308 ஓட்டம் திரட்டியவர் சென்னையின் முரளி விஜய். அவர் எடுத்தது 139. நதிநீர் வழக்கினால் இரு மாநிலத்தாரிடையே மனம் கசந்து, நம்மவர் கதவடைத்து அஞ்சியிருந்த ஆண்டு 1991. அத்தகைய ஆண்டு 2016-இல் மீண்டும் வரவிருந்தது. அவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு தமிழ் இளைஞரின் சதத்துக்கு இந்நகரம் எழுந்து நின்று கைதட்டிய நாளும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அப்பந்தயத்தின் இறுதி நாளில் இன்னும் அரியதொரு காட்சி அமைந்தது. வெற்றிக்கு 207 வேண்டும். மூன்றாம் இடத்தில் மட்டை பிடித்து வருவது ராகுல் திராவிடின் நிலையான உரிமை. இதுவோ அவருடைய சொந்த ஊர். ஆனால் அன்று அவ்விடத்தில் இறங்கியவர், முதல் டெஸ்ட் ஆடிய சௌராஷ்டிர இளைஞர் புஜாரா. முதல் இன்னிங்ஸில் 4 ஓட்டத்தோடு திரும்பிய அவர், இப்போது 72 எடுத்து வெற்றிக்கு வழியமைத்தார். ஐந்தாவதாக வந்த திராவிட் 21 எடுத்து இறுதிவரை உடன் நின்றார். பிற்காலத்தில் புஜாரா அதே மூன்றாம் இடத்தில் நெடுங்காலம் நிலைத்தார். வீட்டுக்குரியவர் தம் ஆசனத்தைப் புதியவருக்கு விட்டுக்கொடுத்த நாள் என்று அதை நாம் சொல்லலாம்.

இரு தீபாவளிகளையும் குறிப்பிட வேண்டும். 2013 நவம்பர் 2, நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலும் புத்தாடையுமாய்க் கழிந்த நாள். அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரோகித் சர்மா 158 பந்துகளில் 209 எடுத்தார். அதில் 16 சிக்ஸர்கள் அடக்கம். ஒருநாள் பந்தயங்களில் அதற்கு முன் எவரும் ஓர் இன்னிங்ஸில் அத்தனை அடித்ததில்லை. இந்தியா 383 எடுத்தும், பால்க்னர் 73 பந்துகளில் 116 விளாசிக் கடைசிவரை அச்சுறுத்தினார். 57 ஓட்ட வித்தியாசத்தில் பந்தயமும் தொடரும் இந்தியாவுக்குக் கிட்டின. பத்தாண்டு கழித்து, 2023 நவம்பர் 12-ஆம் நாள் தீபாவளியன்று, உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியாவின் முதல் ஐந்து மட்டையாளரும் ஐம்பதைக் கடந்தனர். ஸ்ரேயாஸ் ஐயர் 128, பெங்களூரில் பிறந்த கே. எல். ராகுல் 102. இவை மத்தாப்பு நாட்கள். ஒளியும் ஓசையும் மிகுதி, கதை சிறிது.

கதை மிகுந்தவை மழை நாட்களே. 2023 நவம்பர் 4-ஆம் நாள் அதே உலகக் கோப்பையில் நியூசிலாந்து, பாகிஸ்தானுக்கு எதிராக 401 ஓட்டங்கள் குவித்தது. அத்தனை எடுத்தவர் தோற்பர் என்று யார் நினைப்பார்? பகர் ஜமான் 81 பந்துகளில் 126 எடுத்துக் களத்தில் நிற்கையில் மழை கொட்டியது. ஆட்டம் மீளவில்லை. மழை விதியின் கணக்குப்படி பாகிஸ்தான் 21 ஓட்டம் முன்னிலை பெற்று வென்றது. மைதானத்தின் தரைக்கடியில் நீரை உறிஞ்சும் நவீன ஏற்பாடு 2017 முதல் உண்டு. மழை விட்டபின் களத்தை விரைந்து உலர்த்த அது உதவும். மழையையே நிறுத்த எந்த ஏற்பாடு உதவும்?

அன்று 108 எடுத்தும் தோல்வியுற்ற அணியில் இருந்தவர் ரச்சின் ரவீந்திரா. அவர் 1999-இல் வெலிங்டனில் பிறந்தவர். பெற்றோர் பெங்களூரிலிருந்து நியூசிலாந்து சென்று குடியேறியவர்கள். அவர் ஓராண்டு கழித்து மீண்டும் இங்கே வந்தார்.

2024 அக்டோபர் 16-ஆம் நாள் தொடங்க வேண்டிய டெஸ்டின் முதல் நாளை மழை முழுவதுமாக விழுங்கியது. மறுநாள் வானம் மூடியே இருந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற ரோகித் சர்மா மட்டை பிடிக்கத் தீர்மானித்தார். ஆடுகளத்தைத் தவறாக மதிப்பிட்டுவிட்டதாக அவரே பிறகு ஒப்புக்கொண்டார். மாட் ஹென்றி 15 ஓட்டம் மட்டும் கொடுத்து ஐந்து விக்கெட்டும், வில்லியம் ஓரூர்க் 22 கொடுத்து நான்கும் வீழ்த்தினர். ஐந்து பேர் ஓட்டமின்றித் திரும்பினர். இந்தியா 46-இல் அடங்கியது. தன் நாட்டில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவே.

மறுநாள் வெயில் எட்டிப் பார்த்தது. ரவீந்திரா 134 எடுத்தார். தம் பெற்றோர் விட்டுச் சென்ற நகரில், அந்நகரின் அணியையே எதிர்த்து, ஒரு குடியேறியவர் மகன் சதம் அடித்தபோது அரங்கம் அவரை வாழ்த்தத் தயங்கவில்லை. டிம் சௌதியுடன் அவர் எட்டாம் விக்கெட்டுக்கு 137 சேர்த்தார். நியூசிலாந்து 402 எடுத்தது. இந்தியாவும் சளைக்கவில்லை. சர்பராஸ் கான் 150, ரிஷப் பந்த் 99 என்று போராடி 408-க்கு 3 என்ற நிலைக்கு உயர்ந்தது. பின்னர் ஏழு விக்கெட்டுகள் 54 ஓட்டத்தில் சரிந்தன. ஐந்தாம் நாள் காலையில் நியூசிலாந்து 107 என்ற இலக்கை இரண்டே விக்கெட் இழப்பில் எட்டியது. முடிவில் ரவீந்திரா 39 எடுத்துக் களத்தில் நின்றார். 1988 நவம்பரில் ஹாட்லி தம் சாதனையை இங்கே படைத்த அதே பயணத்தில், பம்பாயில் நியூசிலாந்து ஒரு டெஸ்டை வென்றிருந்தது. அதன்பின் இந்திய மண்ணில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி, 36 ஆண்டு கடந்து, பெங்களூரில் பெற்ற இதுவே.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. இம்மைதானத்தின் புகழ் நாட்களில் பெரும்பகுதி வெளியூரார் தேடித் தந்தவை. கிரீனிட்ஜ் பார்படோசில் பிறந்தவர். ஹாட்லி கிறைஸ்ட்சர்ச்சைச் சேர்ந்தவர். விஜய் சென்னையினர். புஜாரா சௌராஷ்டிரத்தார். ரவீந்திராவோ இந்நகரின் மைந்தர், ஆனால் எதிரணியினர். இவர்களை நீக்கிவிட்டால் நகரத்தின் நினைவில் பாதி வெறுமையாகிவிடும். வந்தவர்களால் தன் வரலாறு வளர்ந்தது என்பதைப் பெங்களூர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. கைதட்டியதோடு சரி. அந்தக் கைதட்டலே நம் கேள்விக்கு உரிய விடை.

ஆனால் விருந்தோம்பல் என்பது கைதட்டலோடு முடிவதன்று. வந்தவர் நலமாக வீடு திரும்பும் வரை அது நீளும். 2025 ஜூன் 4-ஆம் நாள், ஐ.பி.எல். கோப்பையைப் பெங்களூர் அணி முதன்முறையாக வென்றதைக் கொண்டாடத் திரண்ட பெருங்கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, இம்மைதானத்தின் வாயில்களில் 11 பேர் உயிரிழந்தனர். மகிழ்ச்சியைக் காண வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. அவ்வாண்டின் மகளிர் உலகக் கோப்பைப் பந்தயங்கள் இங்கிருந்து நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. அக்டோபர் 30-ஆம் நாள் இங்கே நடக்கவிருந்த அரையிறுதி அங்கே நடந்தது. ஆஸ்திரேலியாவின் 338 ஓட்டங்களை இந்திய மகளிர் விரட்டிப் பிடித்தனர். ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். நவம்பர் 2-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்ட வித்தியாசத்தில் வென்று, இந்திய மகளிர் முதன்முறையாக உலகக் கோப்பையை ஏந்தினர்.

கூதிர் காலத்து நினைவுகளில் தலைசிறந்ததாக இருந்திருக்க வேண்டிய ஒன்றை அவ்வாண்டு பெங்களூர் தொலைவிலிருந்தே கேட்டு மகிழ்ந்தது. அந்த இழப்பு சிறியது. பதினொரு குடும்பங்களின் இழப்பு பெரியது. ஹாட்லியையும் ரவீந்திராவையும் நினைவில் வைத்துள்ள நகரம் அந்தப் பதினொருவரையும் நினைவில் வைக்கும் என்று நம்புகிறோம். வாயில் நின்றவரைக் காக்கும் வழியைக் கற்றுக்கொண்டு, தபேபுயா பூக்கும் ஒரு கார்த்திகை நாளில், அது மீண்டும் புதியவர் ஒருவரின் முதல் ஆட்டத்துக்குக் கைதட்டக் காத்திருக்கட்டும். அந்தக் கூட்டத்தின் நடுவே, குடையை மடக்கிக்கொண்டு, நாமும் இருப்போம்.